சத்தத்துக்கு மார்க் குறைக்காதீங்க

இல்ல சார், பேனாவ கொஞ்சம் மூடி வைங்க. மார்க்கு எங்கயும் ஓடிப் போயிடாது. வகுப்பு சந்தைக்கடையா இருந்துச்சு, டீச்சருக்கு அடக்கத் தெரியலன்னுதானே எழுதப் போறீங்க? சந்தைக்கடைதான். யாரு இல்லேன்னா? ஆனா நேத்து வந்து பாத்திருக்கணும் நீங்க. சுடுகாடு தோத்துச்சு.

நானா? இந்தச் சாயங்கால வகுப்பு மாணவன் சார், கடைசி பெஞ்சு. சிரிக்காதீங்க. ஆலைச் சங்கத்துல முப்பது வருசம் செயலாளரா இருந்தவன். துண்டுப்பிரசுரம் படிச்சே தலை நரைச்சவன். பத்தாவது மட்டும் பாக்கி.

நல்ல வகுப்புன்னா எதுன்னு நீ நெனைக்கிறன்னு உங்க டீச்சர் டிரெயினிங் காலேஜ்ல இந்தப் பொண்ண எழுதச் சொன்னீங்களாமே? அத அட்டையில எழுதிக் கொண்டாந்து கரும்பலகைக்கு மேல ஒட்டிடுச்சு. அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க முதலாளியும் ஆலைச் சுவத்துல இதத்தான் எழுதி வெச்சிருந்தான், பேசாதேன்னு. சரி தாயி, அமைதிதானே கேட்ட, இந்தா வாங்கிக்கோன்னு, தையல்காரம்மா, லாரி டிரைவர், வாட்ச்மேன் எல்லாரையும் வாசல்ல கூட்டி வெச்சு முடிவெடுத்தோம். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது.

முதல் நாள் டீச்சருக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் கேள்வி கேட்டுச்சு, பதில் இல்ல. புரிஞ்சுதான்னு கேட்டுச்சு, மூச்சு இல்ல. நேத்து எங்க மூஞ்சிய ஒவ்வொண்ணாப் பாத்துச்சு சார், கண்ணு கலங்கிடுச்சு. போதும்ணேன்னு தையல்காரம்மா கிசுகிசுத்துச்சு. சும்மா இரு, முதலாளியும் இப்படித்தான் அழுவான்னேன்.

இன்னிக்கு நீங்க வர்ற நாளு. டீச்சர் பாஸா பெயிலான்னு இன்னிக்குத்தான் தெரியும். எங்கள அப்படியே பொம்மையா உக்கார வெச்சிருந்தா முழு மார்க் குடுத்திருப்பீங்க, இல்ல? பாத்தீங்களா, தலையாட்டுறீங்க. அது என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த அட்டையத் தானே கிழிச்சு எறிஞ்சுச்சு. நான் சங்கத்துக்காரன்னு யாரு ஊதினாங்களோ தெரியல, போர்டுல ஒரே வரி எழுதுச்சு. வேலைநிறுத்தம்னா சோம்பேறிக்குக் கெடைச்ச லீவு. எழுதிட்டு முதல் பெஞ்சுல வந்து உக்காந்துக்கிச்சு, எங்களப் போலவே வாயக் கட்டிக்கிட்டு.

அவ்வளவுதான். பெஞ்சத் தட்டிட்டு ஒரு ஆளு எழுந்தான் பாருங்க! தொண்டை கிழியக் கத்துறான். லாரி டிரைவர் எதிர்வாதம் பண்றான். தையல்காரம்மா ரெண்டு பேரையும் அதட்டுது. டீச்சரம்மா நடுவுல நின்னு, சும்மா கத்தாதீங்க, காரணம் சொல்லுங்கன்னு கேட்டுக் கேட்டு போர்டுல எழுதுது. கட்டுரைன்னாலே ஓடுற வாட்ச்மேன் ரெண்டு பக்கம் எழுதிட்டாரு சார். அப்பதான் நீங்க கதவத் தள்ளினீங்க.

ஆமா, மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சுன்னீங்களே, அது இந்தக் குரல்தான். முப்பது வருசமா எந்த முதலாளியாலயும் ஒடைக்க முடியாத கட்டுப்பாடு, ஒரு சாக்பீஸ் துண்டுல போச்சு.

சரி, இப்ப பேனாவத் தொறங்க. போராட்டத்தக் காட்டிக் குடுக்குறவன எங்க சங்கத்துல கருங்காலிம்போம். எத்தன பேர அந்தப் பேரு சொல்லி விரட்டியிருக்கேன்! இப்ப வெளிய போகும்போது தையல்காரம்மா என்னப் பாத்துச் சொல்லிட்டுப் போகுது, கருங்காலி அண்ணே, நாளைக்கும் சீக்கிரம் வந்துடுங்கன்னு.