இருபத்தெட்டுத் தையல் மெஷின்கள்

கொத்தனார்: ஐயையோ, அது மேல உட்காராதீங்க மேடம்! அது ஸ்டூல் இல்ல. துணி போட்டு மூடியிருக்கோம்... உள்ள தையல் மெஷின்.

அதிகாரி: அப்ப இது?

கொத்தனார்: அதுவும் தையல் மெஷின்தான்.

மனைவி: இப்படிப் பாய்ல வந்து உட்காருங்க மேடம். முதல்ல அந்தச் செருப்பைக் கீழ வைங்க. கையிலயே புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே.

அதிகாரி: ஆத்துக்குள்ள நடந்து வந்தேனா... மறந்தே போச்சு. முழங்கால் தண்ணிதான். பயந்துட்டேன்.

கொத்தனார்: வெயில் காலத்துல முழங்கால். மழை பெய்ஞ்சா என் தலை மேல இன்னொரு ஆள் நிக்கலாம், அவனும் முங்கிடுவான்.

மனைவி: நின்னு பாத்தவரு மாதிரியே பேசுவாரு.

கொத்தனார்: குடையை இப்படிக் குடுங்க மேடம், ஓரமா வைக்கிறேன். கம்பி ஒண்ணு உடைஞ்சு நீட்டிக்கிட்டு இருக்கே... ம்... மஞ்சள் குடை.

அதிகாரி: ரொம்ப வருஷமா அப்படியேதான் இருக்கு. வாங்க நேரமில்ல.

மனைவி: குடையை என்னங்க அப்படி உத்துப் பாக்குறீங்க? உள்ள ஏதாவது எழுதியிருக்கா?

கொத்தனார்: ஒண்ணுமில்ல. மேடம் எதுக்கு வந்தாங்கன்னு கேளு.

அதிகாரி: வறுமை ஒழிப்புத் திட்ட ஆபீஸ்லேர்ந்து வர்றேன். தெருக் குழுத் தலைவியைப் பாக்கணும்.

கொத்தனார்: இவதான். வீட்டுக்குத் தலைவியாகி இருபது வருஷம் ஆச்சு. தெருவுக்குப் போன வருஷத்துலேர்ந்து.

அதிகாரி: ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா. முன்னெல்லாம் வெளிநாட்டுக்காரங்க உதவின்னு வந்தா, அவங்க மனசுக்குப் பட்டதைக் குடுத்துட்டுப் போவாங்க...

மனைவி: தெரியாதா? ஒருத்தர் கொசுவலை குடுத்தாரு. அடுத்த மாசம் இன்னொருத்தர் வந்து அதே கொசுவலை. கலர்தான் வேற.

கொத்தனார்: மூணாவதா ஒருத்தர் வந்து, எதுக்கு வீட்டுக்கு ரெண்டு கொசுவலை இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிட்டுப் போனாரு.

அதிகாரி: அதான் இனிமே கிடையாது! நம்ம நாடு தானா உட்கார்ந்து ஒரு திட்டப் புத்தகம் போட்டிருக்கு. அதுல என்ன கேட்டிருக்கோமோ, அதுக்கு மட்டும்தான் இனி அவங்க பணம். எல்லா நாட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. அவங்க இஷ்டம் இல்ல, நம்ம இஷ்டம்!

மனைவி: அட, நல்ல விஷயமாச்சே!

அதிகாரி: ரொம்ப நல்ல விஷயம். உங்க தெருவுக்கு எழுதியிருக்கிறதெல்லாம் உங்க தெரு சொன்னதுதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது. நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகுது. அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு யாரும் கை வைக்க முடியாது.

மனைவி: சரி, என்ன எழுதியிருக்கு?

அதிகாரி: அது... வழக்கமானதுதான் அக்கா. இங்க போடுங்க.

மனைவி: படிங்க, கேப்போம்.

அதிகாரி: ஒண்ணு... தையல் மெஷின்.

கொத்தனார்: இன்னுமா!

அதிகாரி: போன கணக்கெடுப்புல இருந்ததை அப்படியே தொடர்றோம் அண்ணே.

மனைவி: மேடம், எங்க தெருவுல வீடு இருபத்திரண்டு. மெஷின் இருபத்தெட்டு. ஆறு மெஷின் தங்க இடமில்லாம மரத்தடியில நிக்குது.

கொத்தனார்: ஒண்ணுல கோழி அடைகாக்குது. அதைச் சொல்லிடு, பாவம், ஒண்ணாவது உபயோகமா இருக்கு.

அதிகாரி: ரெண்டாவது... முடிதிருத்தும் பயிற்சி.

கொத்தனார்: அதுக்கு நானே போயிட்டு வந்தேன். சான்றிதழ் கூட இருக்கு. இப்ப தெருவுல எல்லாருக்கும் முடி வெட்டத் தெரியும் மேடம், வெட்டத்தான் தலை பத்தல. பக்கத்து வீட்டுக்காரன் என் தலையைப் பாக்குற பார்வையே சரியில்ல.

மனைவி: மூணாவது?

அதிகாரி: அவ்வளவுதான்.

மனைவி: பாலம்?

அதிகாரி: இந்தக் கட்டத்துலதான் கையெழுத்து அக்கா.

கொத்தனார்: மேடம், அவ பாலம்னு கேட்டா.

அதிகாரி: கேட்டுச்சு அண்ணே.

மனைவி: எந்தப் புண்ணியவான் எங்க தெருவுக்குத் தையல் மெஷின் கேட்டதுன்னு நாலு வருஷமா எங்களுக்குள்ள சண்டை. ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. இவராவது போன தடவை கணக்கெடுக்க வந்த அம்மாகிட்ட நேர்லயே சொன்னாரு, பாலம்தான் வேணும்னு. அன்னிக்குத் தெருவே இவரைத் தோள்ல தூக்கிச்சு.

அதிகாரி: நேர்லயா?

கொத்தனார்: அதெல்லாம் பழைய கதை. மேடத்துக்குக் குடிக்கத் தண்ணி குடு.

அதிகாரி: நேர்லயே சொன்னீங்களா அண்ணே?

கொத்தனார்: சொன்னேன்... ஒரு மாதிரியா சொன்னேன். அந்தம்மாவும் சரி சரின்னு கையை ஆட்டினாங்க.

மனைவி: அது நீங்களா மேடம்?

அதிகாரி: நானா? சேச்சே... எங்க ஆபீஸ்ல எத்தனையோ பேர். வேற யாராவது வந்திருப்பாங்க.

கொத்தனார்: ஆமாமா, வேற யாரோதான். அவங்க இன்னும் கொஞ்சம் உயரம்.

மனைவி: யாரா இருந்தா என்ன? காதுல வாங்கிட்டு எழுதாமப் போயிருக்காங்களே, அவங்க நல்லா இருப்பாங்களா?

அதிகாரி: அக்கா, தண்ணி... தண்ணி குடுங்க.

மனைவி: மெதுவா குடிங்க, புரையேறுது பாருங்க. மேடம், என் மகளுக்கு இது ஆறாம் மாசம். அவளுக்கு நாள் வர்றப்ப ஆத்துல வெள்ளம் போகும். ஆஸ்பத்திரி அக்கரைல. வலி வந்தா என்ன பண்றது? தையல் மெஷின் மேல உட்கார வெச்சு மிதக்க விடவா?

கொத்தனார்: ரெண்டு மெஷினைச் சேர்த்துக் கட்டினாலும் முங்கிடும். இரும்பு.

மனைவி: நீங்க சும்மா இருங்க. அந்தத் தாளைக் குடுங்க மேடம். அடியில இன்னொரு தாள் இருக்கே, அது என்ன?

அதிகாரி: அது உங்களுக்கு வேண்டாதது அக்கா.

மனைவி: குடுங்க... தி... திருத்... திருத்தப் படிவம். விரலை எடுங்க மேடம், கட்டத்தை மறைக்குது.

அதிகாரி: உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு சொல்லவே இல்லையே!

கொத்தனார்: போன வருஷம்தான் ரெண்டு பேரும் கத்துக்கிட்டோம். நாள் முழுக்கச் செங்கல் தூக்கிட்டு வந்து சாயங்காலம் சிலேட்டுப் பலகையைத் தூக்கினா, செங்கல்தான் லேசு.

மனைவி: "முன்பு... விடுபட்டதற்குக்... காரணம்." அப்ப விட்டுப் போனதைச் சேர்க்க வழி இருக்கு! இவ்வளவு நேரம் சொல்லவே இல்ல!

அதிகாரி: வழி இருக்கு அக்கா. காரணம்தான்... அது எழுதாம செல்லாது.

கொத்தனார்: மறதின்னு எழுதுங்க.

அதிகாரி: யாரோட மறதின்னு கேப்பாங்க.

கொத்தனார்: எலி கடிச்சிடுச்சு?

அதிகாரி: பாலத்தை மட்டும் பாத்துக் கடிச்சுதா?

கொத்தனார்: எங்க தெரு எலிக்குக் கூடப் பாலத்து மேல அவ்வளவு ஆசை.

மனைவி: சிரிக்காதீங்க ரெண்டு பேரும். உண்மையான காரணத்தை எழுதினா என்ன?

அதிகாரி: எழுதினா, அன்னிக்குக் கணக்கெடுத்தவங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. வேலையில ஒரு கரும்புள்ளி. அடுத்த பதவி உயர்வு அவ்வளவுதான்... அக்கா, இருக்கிறதுல கையெழுத்துப் போட்டுடுங்களேன். போடலன்னா உங்க தெருவே புத்தகத்துல இல்லாமப் போயிடும்.

மனைவி: இருந்து மட்டும் என்ன ஆச்சு? மேடம், நாப்பத்தாறு வயசு வரைக்கும் கைநாட்டுதான் வெச்சேன். எதுல வைக்கிறேன்னு தெரியாமலே எத்தனையோ தாள்ல வெச்சிருக்கேன். இப்ப பேர் எழுதத் தெரியும். முதல் முதலா ஆபீஸ் தாள்ல போடப்போற கையெழுத்து. அதை நாங்க கேக்காத மெஷினுக்குப் போட மாட்டேன்.

கொத்தனார்: மேடம், அவ ஒண்ணு சொல்லிட்டா அவ்வளவுதான். நான் இருபது வருஷமாப் பாக்குறேன்.

அதிகாரி: ...அந்தப் பேனாவைக் குடுங்க அண்ணே.

மனைவி: என்ன எழுதுறீங்க? இருங்க, நான் படிக்கிறேன். "கணக்கெடுப்பு நாளன்று... ஆற்றில் வெள்ளம். பா... பாலம் இல்லாததால்... கணக்கெடுப்பாளர் தெருவுக்குள்... வர... இயலவில்லை." வரவே இல்லையா?

அதிகாரி: அக்கரை டீக்கடைல உட்கார்ந்தே எழுதினேன் அக்கா. நான்தான். வேற யாரும் இல்ல. சாயங்காலத்துக்குள்ள தாளைக் குடுக்கணும்னு மேலேர்ந்து ஒரே நெருக்கடி. அந்தத் தெருவுக்கு என்னங்க வேணும்னு பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு இருந்தவங்களைக் கேட்டேன். ரெண்டு பேர்தான் இருந்தாங்க.

கொத்தனார்: ஒருத்தரு தையல்காரர்.

அதிகாரி: ஆமா...

கொத்தனார்: இன்னொருத்தரு சலூன்காரர்.

அதிகாரி: உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?

கொத்தனார்: டீக்கடைக்கு இந்தப் பக்கம் தையல் கடை, அந்தப் பக்கம் சலூன். நான் தினம் வேலைக்குப் போற வழிதானே மேடம். நல்ல காலம், மூணாவதா யானைப்பாகன் யாரும் டீ குடிக்க வரல.

மனைவி: குடுங்க மேடம், மேல "தேவை: பாலம்"னு இருக்கு, சரி. இங்கதானே போடணும்? கொஞ்சம் நேரமாகும், ஒவ்வொரு எழுத்தாத்தான் வரும்... ம்... ஆச்சு. இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. மேடம் அன்னிக்கு ஆத்தைத் தாண்டவே இல்லன்னா, நீங்க நேர்ல சொன்னேன்னு சொன்னது யார்கிட்ட?

கொத்தனார்: மேடத்துக்கிட்டதான்டி! இந்தக் கரைல மழைல நின்னுக்கிட்டு, தண்ணி சத்தத்துல குரல் எடுபடலன்னு, ரெண்டு கையையும் அகல விரிச்சு இங்கேர்ந்து அங்க வரைக்கும் பாலம் வேணும்னு காட்டினேன்... அந்தக் கம்பி உடைஞ்ச மஞ்சள் குடைக்குள்ளேர்ந்து மேடமும் எனக்கு டாட்டா காட்டினாங்க.