அம்மா அறையின் கேமரா

கம்ப்யூட்டரில் வேண்டாத போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே நுழைகிற வழி, திறந்து கிடந்தால் மூடிவிட வேண்டும் சார். திருவாரூரில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களிடம் தவறாமல் சொல்வது இதுதான். என் வீட்டிலேயே ஒன்று திறந்து கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தம்பி அரவிந்தன் சிங்கப்பூரில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவன், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவின் அறையில் ஒரு கேமராவை மாட்டி, என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் இணைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துப் பேசத்தான் என்றான். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிருந்து போன் செய்து, "அண்ணே, அம்மாவுக்கு இன்னும் கஞ்சி குடுக்கலையா?" என்று கேட்டான். பீ மூத்திரம் அள்ளிப்போட்டுவிட்டு அப்போதுதான் கை கழுவியிருந்தேன்.

அன்றே எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். 22ஆம் எண் என் வேலைக்காக நான் வைத்தது. 8081 நான் வைத்ததில்லை. அதில் ஓடிக்கொண்டிருந்தது கேமராவின் புரோகிராம்; தம்பி பார்த்தது அந்த வழியாகத்தான். நிறுத்தினேன். மறுபடி தானாகக் கிளம்பாதபடி செய்தேன். வெளியாட்களைத் தடுக்கிற ஃபயர்வாலிலும் அந்த எண்ணை அடைத்தேன். திரும்பப் பார்த்தபோது 22 மட்டும் இருந்தது. வேலை சுத்தம். தம்பியிடம் லைன் பழுது என்று சொன்னேன். போன் செய்தபோதெல்லாம் அம்மா தூங்குகிறது என்றேன்.

கேமராவை நிறுத்தியதை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேமராவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தது. ஊட்டுவது நான். "சாப்ட்டியாப்பா?" என்று கேட்பது அதனிடம்.

தை அறுவடை சமயம் ஒருநாள், தண்ணீர் கொடுக்காமல் விட்டேன். என்னைக் கேட்கட்டும் என்று அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓடியது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று வாக்குமூலத்தில் நீங்களாக எழுதிவிடாதீர்கள். நன்றாகவே கேட்டது.

"அரவிந்தா, அண்ணன தண்ணி கொண்டாரச் சொல்லுப்பா."

மறுநாளும் அதையேதான் சொன்னது, குரல் மட்டும் சன்னமாக. அதற்கடுத்த நாள் மெஷின் வேறு வயலுக்குப் போய்விட்டது. அறையிலும் சத்தம் இல்லை.

கொன்றுவிட்டேன் என்கிறீர்கள். குடம் நிறையத் தண்ணீர் என் காலடியிலேயே இருந்தது சார். என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.