ஆற்றுக்குக் கீழே ஓடும் ரயில்

கொக்குவில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள்:

"பாரிஸிலை நான் துலைய மாட்டன் அக்கா. மாப்பிள்ளை அனுப்பின ரயில் பாதைப் படத்தை முழுக்கப் பாடமாக்கிப்போட்டன்."

"அங்கை ஆத்தைக் கடக்க எந்த ரயில்?"

"நாலாம் நம்பர். ஆத்துக்குக் கீழாலை போகும்."

"கீழாலையோ! அவரின்ரை வீடு?"

"ஏழாவது ஸ்டேசன். இறங்கி வலப்பக்கம், பாண்கடைக்கு மேலை மூண்டாம் மாடி."

"சரி பிள்ளை, முதல்லை கொழும்புக்கு எப்பிடிப் போகப்போறாய்?"

சண்டையால் கொழும்புக்குப் போகும் பாதை பூட்டியிருந்தது. மிஞ்சிய ஒரே வழியான கடலேரியிலும் வள்ளம் ஓடி இரண்டு கிழமையாகிவிட்டது. அவள் வெறும் மண்ணெண்ணெய்க் கலனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதுதான் அக்கா, ஒருத்தருக்கும் தெரியேல்லை."