புதன்கிழமைக்குள்ளை எடுத்துக்கொண்டு போங்கோ

…உதிலை சாயாதையுங்கோ டொக்டர், கோட்டு பழுதாப் போம். இந்தக் கராஜுக்குள்ளை எதைத் தொட்டாலும் கிறீஸ்தான். பதினொரு வருசமா என்ரை வீட்டிலை வெள்ளைத் துவாய் எண்டு ஒண்டு இல்லை. வாங்கேக்கை வெள்ளை, ரெண்டாம் ஞாயிறு பாத்தா அடுப்புத் துடைச்ச துணி. சரி, அதை விடுங்கோ. கார் பாக்கத்தானே வந்தனியள், ஆறுதலாப் பாருங்கோ. ஆனா எடுக்கிறதெண்டா புதன்கிழமைக்குள்ளை எடுக்கோணும். அதை மட்டும் முதலே சொல்லிப்போட்டன்.

என்ரை மனிசனோ? அவர் பஸ் ஓடப் போட்டார். மூண்டு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும். அவர் நிக்கேக்கை உங்களைக் கூப்பிட்டா வியாபாரம் நடவாது. இல்லையில்லை, களவா விக்கேல்லை. கேட்டனான், ‘இதை விப்பமோ’ எண்டு. ‘உன்ரை விருப்பம்’ எண்டு சொல்லிப்போட்டு டிவியைப் பாத்துக்கொண்டிருந்தார். டிவி போடேல்லை, சும்மா கறுப்பாக் கிடந்தது, அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் இந்தியா ஆக்கள், டொக்டருக்குப் படிச்சுப்போட்டு நேரா லண்டனிலை வந்து இறங்குவியள். எங்கடையள் அப்பிடியோ? என்ரை மனிசனும், குகநாதண்ணை எண்டு அவற்றை கூட்டாளியும், முதல் நோர்வேயிலை மீன் பக்டரியிலை நிண்டவை. வடக்கு உச்சியிலை. ரெண்டு மாசத்துக்குச் சூரியனே எட்டிப் பாக்காதாம். அங்கை போர்மன் ஒருத்தன் உந்த மாதிரி ஒரு அமெரிக்கன் கார் வைச்சிருந்தவனாம். ஐம்பத்தேழாம் ஆண்டு ஷெவர்லே. பனிக்குள்ளை அவன் கொண்டுவந்து நிப்பாட்ட, இவை ரெண்டு பேரும் மீன் மணத்தோடை நிண்டு வாயைப் பிளந்துகொண்டு பாப்பினமாம். நாங்களும் ஒருநாளைக்கு உப்பிடி ஒண்டு வாங்குவம் எண்டு அங்கையே சத்தியம். இந்தப் பின்பக்கம் வந்து பாருங்கோ, ரெண்டு பக்கமும் செட்டை. மீனிலையிருந்து தப்பி ஓடி வந்தவை கடைசியா ஒரு மீனைத்தான் வாங்கியிருக்கினம்.

வாங்கின விதம் கேளுங்கோவன். நோர்வேயிலை ஒரு பழைய சிநேகிதன்ரை தேப்பனுக்கு அந்தியேட்டி, முப்பத்தொண்டாம் நாள் கிரியை, போட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டவை. நானும் கட்டித் தேங்காய்ச் சம்பலும் பாணும் குடுத்து அனுப்பினனான். நாலாம் நாள் வாசலிலை ஒரு லொறி. அதுக்கு மேலை இந்தக் கோதாரி. கதவில்லை, கண்ணாடியில்லை, அடியிலை கறள் பிடிச்சு எனக்கு றோட்டுத் தெரியுது. அந்தியேட்டிக்குப் போனவை பிரேதத்தோடை திரும்பி வந்திருக்கினம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அண்டைக்கே கவுன்சிலுக்கு எழுதினவ. நான் அவவோடை சண்டைக்குப் போகேல்லை. அவ எழுதாட்டி நான் எழுதியிருப்பன்.

அதுக்குப் பிறகு ஏழு வருசம், டொக்டர். ஏழு வருசம், ஒவ்வொரு ஞாயிறும். குகநாதண்ணை ஆத்துக்கு அங்காலை பிளேஸ்டோவிலையிருந்து விடிய எட்டு மணிக்கு வந்திடுவார். அந்தாளுக்குக் கராஜ் பூட்டின்ரை திறப்பும் குடுத்து வைச்சிருந்தது. வரேக்கை அவற்றை மனிசி கௌசி ஏதாவது செய்து குடுத்து விடுவா, பொய் சொல்லக்கூடாது. ஆனா மத்தியானச் சாப்பாடு நான்தானே. ரெண்டு ஆம்பிளையள் காருக்குக் கீழை படுத்திருந்துகொண்டு, கால் மட்டும் வெளியிலை தெரியுது, அந்தக் கால் கேக்குது, ‘தங்கச்சி, இண்டைக்கு ஆட்டிறைச்சியோ’ எண்டு. என்ரை இடியப்பத் தட்டிலை போல்ட் கழுவிக் காயப் போட்டவை. பன்ரெண்டு தட்டிலையும். எந்தப் போல்ட் எங்கை பூட்டுறது எண்டு மாறாமல் இருக்க அதுதான் திறமாம். நான் அண்டைக்கு இடியப்பத்துக்கு மாவைக் குழைச்சுப்போட்டுத் தட்டுத் தேடிக்கொண்டு நிக்கிறன்.

இந்த நிறம் வடிவோ? வடிவாத்தான் இருக்கும். ஒரு நீலத்தைத் தெரிய மூண்டு மாசம் எடுத்தவை. எங்கடை கலியாணத்துக்கு என்னைப் பொம்பிளை பாக்க வந்தவர் அரை மணித்தியாலத்திலை ஓம் எண்டிட்டார்.

ஏன் குனியிறியள்? என்ன தேடுறியள் அதிலை… ஓ. சில்லு. ஓம், சில்லிலை மூடி இல்லைத்தான். கண்டிட்டியள். நாலு வீல் கப்பும் இல்லை. மற்றதெல்லாம் முடிஞ்சுது, எஞ்சின் ஸ்டார்ட் வரும், லைட் எரியும், ஹோர்ன் அடிச்சா குரோய்டன் முழுக்கக் கேக்கும். அந்த நாலு மூடிதான் குறை. அதாலைதான் நாலு வருசமா இது போர்வை மூடிக் கிடக்கு. அதாலை எண்டா… அதாலைதான்.

அது உந்தக் காரோடை பிறந்த மூடியாம். சுவீடனிலை ஒரு கிழவனைப் பிடிச்சு, கெஞ்சிக் கூத்தாடி எடுத்தது. எங்கடை ஆள் ரெண்டு மாசமா ஒவ்வொரு பின்னேரமும் மடியிலை வைச்சுத் துடைச்சவர். பிள்ளையைக் கூட அப்பிடித் துடைக்கேல்லை. கடைசியாத்தான் பூட்டோணும் எண்டு தான் இடுப்பிலை கட்டுற பழைய சாரத்திலை சுத்தி, அந்தா, அந்த மேசைக்குக் கீழை வைச்சிருந்தவர். ஒரு ஞாயிறு, எல்லாம் முடிஞ்சுது, பூட்டுவம் எண்டு பாத்தா மூடியும் இல்லை, சாரமும் இல்லை.

திறப்பு ஆரிட்டை இருக்கு? குகநாதண்ணையிட்டை. அந்த மனிசன் முந்தி ஒருக்காப் பகிடிக்குச் சொன்னவர், ‘இது நாலையும் என்ரை வீட்டுச் சுவரிலை கொழுவினா எப்பிடி இருக்கும்’ எண்டு. எங்கடை ஆள் கத்தேல்லை, ஏசேல்லை. ‘எடுத்தனியோ?’ எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டவர். குகநாதண்ணை கையிலை இருந்த ஸ்பானரைத் துடைச்சு வைச்சார். குசினிக்கு வந்து கையைக் கழுவினார். திறப்பை என்ரை மேசையிலை வைச்சிட்டு, ‘தங்கச்சி, போட்டு வாறன்’ எண்டார். கறி அடுப்பிலை கிடக்கு. அவ்வளவுதான். முப்பது வருசச் சிநேகிதம்.

என்ன டொக்டர், அந்த மூடி இல்லாட்டி வேண்டாமோ? வேறை வாங்கிப் பூட்டலாமே, இன்ரர்நெட்டிலை எல்லாம் கிடக்குதாம்… இல்லையோ, அதுதான் வேணுமோ. நீங்களும் இவையின்ரை ஆள்தான். சரி. இருங்கோ. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கோ.

மூடி இருக்கு. எங்கை எண்டு எனக்குத் தெரியும்.

நாங்கள் ஊருக்குப் பெட்டி அனுப்புறது கேள்விப்பட்டிருப்பியள். கப்பல்லை போற பெரிய பெட்டி. பால்மா, சவர்க்காரம், சம்போ, பழைய சீலை, பிள்ளையளின்ரை உடுப்பு. பெட்டிக்குத்தான் காசு, நிறைக்கு இல்லை. அப்ப ஒரு சாண் இடத்தைச் சும்மா விட்டு அனுப்ப எங்கடை சனத்துக்கு மனம் வருமோ? பெட்டியைக் குலுக்கினாச் சத்தம் வரக்கூடாது. அந்த ஞாயிறுக்கு ரெண்டு மாசம் முதல் ஒருநாள் பெட்டி எடுக்கிறவன் வாசலிலை வந்து நிக்கிறான், பெட்டியிலை இன்னும் இந்தளவு இடம் கிடக்கு. கராஜுக்கு ஓடி வந்தன். எங்கடை மகள் மிதுஷா பெரியபிள்ளையாகிச் செய்த சாமத்தியவீட்டுச் சாமான் எல்லாம் இதுக்குள்ளைதானே கிடந்தது. சாரத்திலை ஒரு பொட்டலம். விலத்திப் பாத்தன், வட்டமா, பளபள எண்டு. தட்டம் எண்டு நினைச்சன். நீங்கள் தாம்பாளம் எண்டுவியள். ஆலாத்தி எடுக்க, பூ வைக்க. என்ரை அண்ணற்றை பெட்டைக்கும் கெதியிலை சாமத்தியவீடு வரும், உதவும் எண்டு திணிச்சுப்போட்டன்.

எனக்கு எப்பிடித் தெரியும், சொல்லுங்கோ. இடியப்பத் தட்டிலை போல்ட் வைக்கிற வீட்டிலை எது தட்டம், எது சில்லு எண்டு ஆருக்குத் தெரியும்?

குகநாதண்ணை போய் பத்தாம் நாள் ஊரிலை கோண்டாவிலிலையிருந்து அண்ணற்றை மனிசி, என்ரை மச்சாள், படம் அனுப்பினவ. சாமத்தியவீடு. நாலு பொம்பிளையள் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வரிசையா வருகினம். ஒண்டிலை வாழைப்பழம், ஒண்டிலை பலகாரம், ஒண்டிலை வெத்திலை பாக்கு, ஒண்டிலை மல்லிகைப்பூ. நாலும் இந்தக் காரின்ரை சில்லு மூடி. மல்லிகைப்பூவுக்கு நடுவாலை கம்பனிக்காரன்ரை அடையாளம் எட்டிப் பாக்குது. கீழை மச்சாள் எழுதியிருக்கிறா, ‘லண்டன் தட்டம் எங்கை வாங்கினது எண்டு ஊரே கேக்குது’ எண்டு.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் முதல் சிரிச்சனான். பேந்துதான் அவர் கண்டிடுவார் எண்டு போனை ஒளிச்சு வைச்சனான்.

அண்டைக்கே சொல்லியிருக்கலாம். ஓம். ஆனா டொக்டர், அதுக்கு முதல் வந்த ஞாயிறு நான் ஒன்பது மணி மட்டும் படுத்திருந்தனான். ஏழு வருசத்திலை முதல் தரம். ஆட்டிறைச்சி இல்லை, துவாய் தோய்க்கிறதில்லை. இன்னும் ரெண்டு ஞாயிறு போகட்டும், பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன். ரெண்டு ஞாயிறு நாலாச்சு. நாலாம் ஞாயிறு சொன்னா, ‘ஏன் முதலே சொல்லேல்லை’ எண்டு கேப்பாரெல்லோ. அந்தக் கேள்வி கிழமைக்குக் கிழமை பெருத்துக்கொண்டு போச்சுது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் எண்டு சொல்லுவினம். ரெண்டும் இந்த ஒரு வீட்டுக்குள்ளைதான் கிடக்கு.

இப்ப ஏன் அவசரமோ? மிதுஷாவுக்கு வாற மாசம் கலியாணம். மச்சாளுக்கு விசா கிடைச்சிட்டுது, வியாழக்கிழமை வந்திறங்கிறா. போன் எடுத்துச் சொல்லுறா, ‘நீ அனுப்பின நாலு தட்டத்தையும் கொண்டுவாறன், பிள்ளையின்ரை கலியாணத்துக்கு அதிலைதான் தட்டம் தூக்கோணும்’ எண்டு. பாரம் கூடிப்போம் மச்சாள், வேண்டாம் எண்டன். தன்ரை ரெண்டு சீலையை வைச்சிட்டு அதைக் கொண்டு வாறாவாம். அவ்வளவு பாசம். அதுதான் சொல்லுறன், புதன்கிழமைக்குள்ளை இந்தக் கார் போகோணும். கார் இருந்தாத்தானே அது சில்லு மூடி. கார் இல்லாட்டி அது தட்டம்தானே.

உங்களுக்கு நான் ஈவிரக்கம் இல்லாதவள் மாதிரித் தெரியும். போன மாரியிலை குகநாதண்ணையின்ரை மனிசி கௌசி மோசம் போட்டா. புற்றுநோய், மூண்டு மாசத்திலை கொண்டு போட்டுது. நல்லதுக்குச் சொன்னாத்தான் போகோணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகோணும் எண்டுதானே எங்கடை ஆக்கள் வளர்ந்தவை. இவர் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணிப் போட்டவர். கட்டில் விளிம்பிலை அரை மணித்தியாலம் இருந்தவர். பிறகு கழட்டி, திரும்பக் கொழுவிப்போட்டார். ‘கள்ளனோ எண்டு கேட்ட வாயோடை என்னெண்டு அந்த வீட்டு வாசல்லை போய் நிக்கிறது’ எண்டார். அப்பவும் நான் சொல்லேல்லை. நான் தனிய ட்ரெய்னிலை போனன். குகநாதண்ணை என்னைக் கண்டிட்டு எனக்குப் பின்னாலை பாத்தார். கன நேரம் பாத்தார். பின்னாலை ஒருத்தரும் இல்லை எண்டு கண்டாப் பிறகுதான், ‘வாங்கோ தங்கச்சி’ எண்டார்.

எனக்கு அண்டையிலையிருந்து நித்திரை சரியில்லை டொக்டர். ஞாயிறு ஒன்பது மணி மட்டும் படுத்திருக்கிறன்தான். முழிச்சுக்கொண்டு.

என்ன கேட்டனியள்?… கார் போனாலும், தட்டத்தைக் கண்டவுடனை அவருக்குத் தெரியாதோ எண்டோ?

தெரியும். ரெண்டு மாசம் மடியிலை வைச்சுத் துடைச்ச மனிசன். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பாத்துச் சொல்லுவார். சீ… பாருங்கோ, இவ்வளவு நாளும் எனக்கு இது ஓடவே இல்லை. காரை வித்தாச் சரி, காரை வித்தாச் சரி எண்டு… நீங்கள் ஏன் இப்ப இதைக் கேட்டனியள்? கார் பாக்க வந்தாக் காரைப் பாத்திட்டுப் போறதுதானே. நீங்கள் வாற மட்டும் நான் நல்லாத்தான் இருந்தனான்.

எங்கை வெளிக்கிடுறியள்? தேத்தண்ணி போடுறன், இருங்கோவன். நான் அழேல்லை, இது பெயின்ற் மணம், நாலு வருசமாப் பூட்டிக் கிடந்ததெல்லோ… டொக்டர்? கதவையும் திறந்து விட்டிட்டு… போட்டார். விலை கூடக் கேக்காமல் போட்டார். படிச்ச மனிசன்.

இந்தா, எங்கடை ஆளின்ரை கார் வருது. இண்டைக்கெண்டு பாத்து நேரத்தோடை வாறார்.

இஞ்சேருங்கோ, இறங்காதையுங்கோ. இறங்கவேண்டாம், நான் ஏறுறன். வீடு பூட்டினபடிதான். பசிக்குதெண்டா வழியிலை பாப்பம். பிளேஸ்டோவுக்கு விடுங்கோ… ஓம், குகநாதண்ணை வீட்டைதான். ஏனோ? சொல்லுறன். எடுங்கோ காரை, சொல்லுறன் எண்டன்தானே. இப்ப இல்லை. ஆத்துக்குக் கீழாலை போற டனலுக்குள்ளை வைச்சுச் சொல்லுறன். அதுக்குள்ளை காரை நிப்பாட்டவும் ஏலாது, திருப்பவும் ஏலாது.