திருகில் ஒரு கால் சுற்று

"நீ தொடாம அது எப்படித் தானா திரும்பும்? அதுக்கென்ன கையா முளைச்சிருக்கு?"

"தொடலைன்னா தொடலைதான். செஞ்சது நீங்க, ஆடுறது உங்க சக்கரம், பழி மட்டும் எனக்கா?"

"என் சக்கரம் ஆடுதா?"

"பின்ன? வட்டமா இருந்தாத்தானே ஆடாம இருக்கும்!"

இந்தச் சுவர் மெலிசு. இந்த வார்த்தையெல்லாம் எனக்கு அப்படியே மனப்பாடம். நீங்கள் குடிவந்த அன்றைக்கு, அலமாரியை எந்தப் பக்கம் வைப்பது என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டதும் கேட்டது. நீங்கள் சொன்ன ஜன்னல் பக்கம்தான் சரி. அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. அது போகட்டும். "பின்னாடி கொட்டகைச் சுவர்ல நீளமா ஒரு கீறல் இருக்கே, என்னக்கா அது?" என்று கேட்டீர்கள் இல்லையா, அதனால் சொல்கிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

உங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு தபால்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். தங்கமான ஜோடி. தினமும் சண்டை போடுவார்கள். அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடும். ஒரு நாள் அவர் அம்மா, ஒரு நாள் அவள் தம்பி, எதுவும் கிடைக்காத நாளில் கட்டில்மேல் கிடக்கும் ஈரத்துண்டு. நான் சமையலறைச் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். எங்கள் வீட்டில் அவ்வளவு வெங்காயம் செலவாகாது. இருந்தாலும் உரிப்பேன்.

மறுநாள் காலையில் மாடி வீட்டுக்காரி இறங்கி வருவாள். எதிர்வீட்டு நர்ஸ் டியூட்டி முடிந்து அப்படியே நிற்பாள். "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்பார்கள். நான் சொல்வேன். கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. குறைத்தும் சொல்ல மாட்டேன். எனக்கென்று வேறு என்ன பொழுதுபோக்கு? என் வீட்டுக்காரர் பேசுகிற ரகம் இல்லை. கல்யாணமான நாள் முதல் அவர் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு தபால் அட்டையில் விலாசத்துக்கும் இடம் மிச்சமிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தெருவில்தான் தபால்காரருக்குக் கத்தி செய்யும் ஆசை வந்தது. கத்தி செய்ய பெல்ட் கிரைண்டர் வேண்டுமாம். கடையில் வாங்க மாட்டாராம், தானே செய்வாராம். முதல் காரியமாக வாஷிங் மெஷினைப் பிரித்து மோட்டாரை எடுத்தார். அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் இனி வராது. "மெஷின் இல்லாம துணிய யார் துவைக்கிறது, உங்க ஆபீஸ் முத்திரையா வந்து குத்தும்?" என்று அவள் கேட்டதை மாடி வீட்டுக்காரி மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

பலகையை அறுத்துச் சக்கரங்கள் செய்தார். மோட்டாரில் ஒன்று, முன்னால் ஒன்று, மேலே ஒன்று. உப்புத்தாளை நீளப் பட்டையாக ஒட்டி அந்த மூன்றையும் சுற்றி ஓட விடுவது. இரும்பை அதில் பிடித்தால் தேயும். மேல் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு திருகு இருந்தது. "இதுதான்க்கா இதோட உயிரே. கால் சுற்று திருப்பினாப் போதும், சக்கரம் சாஞ்சு பட்டை ஓரத்துக்கு ஓடிடும்" என்று காட்டினார். நான் கேட்டேனா? கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார்.

ஓடவிட்டதும் பட்டை ஒட்டின இடத்தில் டக் டக்கென்று இடித்தது. ஆஹா, இதை வைத்து ஒரு மாசம் ஓட்டலாம் என்று நான் ஒரு கிலோ வெங்காயம் வாங்கி வைத்தேன். ஆனால் தையல்காரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நேரா வெட்டி ஒட்டினா இடிக்காம என்ன செய்யும்? சாய்ச்சு வெட்டணும், துணிக்கு வெட்டுற மாதிரி" என்று கத்தரியை எடுத்துவந்தாள். சாய்வாக வெட்டி, அடியில் மெல்லிய துணி கொடுத்து ஒட்டினாள். பட்டை வெண்ணெய் மாதிரி ஓடியது.

அன்றோடு என் வாழ்க்கை போனது.

சாயங்காலமானால் இருவரும் கொட்டகைக்குள். இவர் தேய்ப்பார், அவள் பட்டை வெட்டுவாள். டம்ளரைச் சுவரில் வைத்துக் கேட்டால் உர்ரென்று மோட்டார். மோட்டார் நின்றால் சிரிப்பு. சண்டையைப் போய்ச் சொல்லலாம். சிரிப்பை என்னவென்று சொல்வது? "இன்னிக்கும் சிரிச்சாங்க" என்றேன். மாடி வீட்டுக்காரி "ஓஹோ" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினாள். நர்ஸிடம் ஆஸ்பத்திரி கதைகள் இருந்தன. கொஞ்ச நாளில் கூட்டம் அவள் வாசலுக்கே போய்விட்டது. நான் குப்பை கொட்டுவது போல வெளியே போய் நின்று பார்த்தேன். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். கேட்கிறவர்கள் வரிசையில் எனக்கு இடம்.

இருவரும் சேர்ந்து செய்த முதல் கத்தியை எனக்குத்தான் கொடுத்தார்கள். "உங்களுக்குத்தான்க்கா வெங்காய வேலை ஜாஸ்தி" என்றாள் தையல்காரி. நல்ல கத்தி. இன்றைக்கும் அதில்தான் நறுக்குகிறேன்.

ஒரு மத்தியானம் அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். என் ஜாக்கெட் ஒன்று காற்றில் பறந்து கொட்டகைப் பக்கம் விழுந்தது. காற்று இல்லாததால் நான்தான் கொஞ்சம் வீசினேன். எடுக்கப் போனேன். கதவுக்கு வெறும் கொக்கிதான். உள்ளே போய் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்பினேன். எதையும் உடைக்கவில்லை. எதையும் எடுக்கவில்லை. இருந்த பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் திரும்பி.

சாயங்காலம் பட்டை ஓரத்துக்கு ஓடிச் சட்டத்தில் உரசிக் கிழிந்தது. "நீ எதையாவது திருகினியா?" என்றார். தையல் மெஷினில் நூலை இறுக்க ஒரு திருகு உண்டு, அவள் கை சும்மாவே அதை நோண்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் அவள்மேல் போனதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நான் ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு உட்கார்ந்தேன். நான் முதலில் சொன்ன சக்கரம் பேச்செல்லாம் அன்றைக்குத்தான் வந்தது. மறுநாள் நர்ஸ் வாசலில் நர்ஸ் மட்டும்தான் நின்றாள்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு தரம், சில வாரம் இரண்டு தரம். கடைசியில் தபால்காரர் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். நான் கவலைப்பட்டது நிஜம். ஆனால் அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "நான் வேலைக்குப் போற நேரம் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. அவ கைக்குப் போகக் கூடாது. நீங்கன்னா எனக்குப் பயமில்ல" என்றார். உள்ளே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நம்பி ஒருவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது மரியாதையா? வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கீறல் விழுந்த அன்று நான் கொஞ்சம் அவசரத்தில் இருந்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன். அரைச் சுற்றா முழுச் சுற்றா என்று சரியாக ஞாபகமில்லை. தபால்காரர் எப்போதும் பட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். அன்றைக்குச் சண்டை மும்முரத்தில் பார்க்கவில்லை. பட்டை கழன்று எகிறியது. கையிலிருந்த இரும்பு பறந்து சுவரில் கோடு இழுத்தது. நீங்கள் பார்த்தது அதுதான். பட்டை அவருடைய இடது புருவத்தைக் கொண்டுபோனது. புருவம் வளரக்கூடியது. வளரவும் வளர்ந்தது, என்ன, கொஞ்சம் வேறு திசையில். இதில் என் பங்கு எவ்வளவு, பார்க்காமல் சுவிட்சைப் போட்ட அவர் பங்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துப் பாருங்கள்.

"பூட்டின கதவுக்குள்ள பூதம் வந்து திருகுச்சா? கள்ளச்சாவி போட்டு வச்சிருக்கியா? என்னைக் கொல்லப் பாத்தியா?"

நான் ஸ்டூலில் காத்திருந்தேன். அவள் பக்கமிருந்து பதிலே வரவில்லை. பதில் வராத சண்டையை நான் அதுவரை கேட்டதில்லை. வெங்காயம் தீர்ந்தும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நான் நெசமாவே தொடலைக்கா. நீங்களாவது நம்புறீங்களா?"

"நம்புறேன்டிம்மா" என்றேன். உலகத்திலேயே அதை முழுமனதோடு நம்பியது நான் ஒருத்திதான். பஸ்ஸில் சாப்பிட இரண்டு ஆரஞ்சு கூடக் கொடுத்தேன்.

அவள் தம்பி ஊருக்குப் போனாள். அப்புறம் விவாகரத்தாகி, அங்கே இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கடை நிறைய திருகுதானாம். அவள் எதையும் தொடுவதில்லையாம். தபால்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது, "கடைசிவரைக்கும் கூட நின்னது நீங்க ஒருத்தர்தான்க்கா" என்று கண்கலங்கி அந்த மெஷினை எங்களுக்கே கொடுத்துவிட்டார். இருவரும் இப்போது நிம்மதியாக இருப்பதாகக் கேள்வி. அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரரும் இங்கே இல்லை. அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டார். சத்தமில்லாத இடமாக வேண்டுமாம். பெல்ட் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாத இடம் தேடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் சுபாவமே அப்படி, கொஞ்சம் புரியாது.

நேற்று ராத்திரி நீங்கள் இருவரும் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. நீங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். எதற்கும் வீட்டுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்து வையுங்கள்.