மடியில் கார்புரேட்டர்

மதுரை பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டியதும் பெட்ரோல் வாசம் அடித்தது. என் உயிர் எனக்கு முன்னால் போய் காரியாபட்டியில் இறங்கிக்கொண்டது. ஜன்னல் வழியாகக் குதிக்கலாமென்றால் தொப்பை சம்மதிக்கவில்லை. அப்புறந்தான் பார்த்தேன், முன்சீட்டு இளைஞன் மடியில் மஞ்சப்பை, அதற்குள் ஒரு கார்புரேட்டர்.

அவன் பக்கத்தில் இருந்த ஊர்க்காரப் பெரியவர் கேட்டார்: "ஏலே, ரெண்டு சீட்டு ரேஸ் காரை வீட்டுல நிப்பாட்டிட்டு இதுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தியாக்கும்?"

"லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கூட ஓடல அண்ணாச்சி. மதுரையில குடுத்து இதைச் சரிபண்ணணும். புதன்கிழமை வீட்டுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பஸ்ஸு குலுக்கலை அவ உடம்பு தாங்காது."

"டயருக்குக் காத்து அடிச்சியா?"

"அடிச்சேன்."

"பிளக்கு?"

"புதுசு போட்டாச்சு."

"அப்ப பாரத்தைக் குறைலே. ஸ்டெப்னி, மேல்கூரை எல்லாத்தையும் கழட்டு. பாரம் குறைஞ்சா மைலேஜு தன்னால ஏறும்."

அவன் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கினான்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேன் அண்ணாச்சி. அவளும் பாதியாக் கரைஞ்சுட்டா. மைலேஜு ஏறவே இல்ல."

காரியாபட்டி வந்தது. அண்ணாச்சி கையை நீட்டினார்.

"பையை இங்கிட்டுக் குடு. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."