காப்புக் கட்டிய வாரத்தில் வைத்த கையெழுத்து

சிட்டு, உன் மிஸிக்காக போலீஸ் ஸ்டேசனுக்கு வந்திருக்கிறேன்.

நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். கார்ப்பரல் யோகேந்திரன் பேனாவை நிறுத்தி, "முதல்ல உங்க பேரு, வயசு, வீடு சொல்லுங்கம்மா" என்றார். எழுதியதை அடிக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

என் பெயர் சரோஜா, தகப்பனார் பெயர் சின்னையா, வயது 54. ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இரண்டாவது லயன், 14-ஆம் எண் வீட்டில் இருக்கிறேன். கொழுந்து வெட்டுகிறேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தேன். கணவர் நாகப்பன் இறந்து ஆறு வருடமாகிறது. எங்களுக்கு ஒரே மகள் சுபத்ரா, வயது 26. வீட்டில் சிட்டு என்போம். திரிங்காப்பில் ஒரு தனியார் கிளினிக்கில் மிஸியாக இருந்தாள், தாதி வேலை. பிப்ரவரி 15-ஆம் தேதி தட்டம்மை நுரையீரலுக்கு இறங்கி இறந்துவிட்டாள்.

அதன் பிறகு என் கணவரின் தம்பி லோகேஸ்வரன் இந்த ஸ்டேசனில் புகார் கொடுத்தார். ஊசி போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் சிட்டுவைத் தட்டம்மைக் குழந்தையைத் தூக்க விட்டுவிட்டார் என்று, கிளினிக்கின் பெரிய மிஸி சஃபியா மீது புகார். விசாரணை முடியும் வரை மிஸி வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். லோகேஸ்வரன் சிட்டுவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அந்த வேதனையில் கொடுத்துவிட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்த ஆள் நான்தான்.

சிட்டுவுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது ஊசி போட கவர்மெண்ட் மிஸிகள் வேனில் தோட்டத்து மண்டபத்துக்கு வந்தார்கள். அப்போது பக்கத்து வீட்டில் அம்மை கண்டிருந்தது. தாப்பாவிலிருந்து லோரியில் வரவழைத்த வேப்பிலையை வாசலில் கட்டியிருந்தார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை எங்கள் வரிசையில் யாரும் ஊசி, மருந்து என்று போக மாட்டோம். நான் போகவில்லை. அதன் பிறகு நினைவில்லாமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு சிட்டு முதலாம் ஆண்டு படிக்கையில் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்தார்கள். அது தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரம். சிட்டு பால்குடம் எடுக்க வேண்டும், அவள் கையிலும் மஞ்சள் கயிறு. காப்போடு இருக்கும்போது உடம்பில் ரத்தம் வரக்கூடாது என்று, காய்ச்சல் என்று சொல்லி அவளை வீட்டில் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்து, தோட்டத்து கிளினிக்கில் போட்டு ஊசி அட்டையில் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அங்கே மருந்து கொடுத்தவர் சின்னக்கருப்பன் டிரஸர். அவர் கையிலும் காப்பு இருந்தது. "இந்த வாரம் நானும் ஊசியத் தொடமாட்டேன்மா. கையெழுத்து வச்சுடுறேன், அடுத்த வாரம் பிள்ளைய கூட்டியா" என்றார். ஒன்பது மாத ஊசியின் பழைய கட்டமும் காலியாக இருக்கிறதே என்று அதிலும் வைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் நான் போகவில்லை. கொழுந்து அதிகமாக இருந்த நேரம், அட்டையிலும்தான் கையெழுத்து விழுந்துவிட்டதே என்று இருந்துவிட்டேன். டிரஸர் இப்போது உயிரோடு இல்லை. கூட்டி வரச் சொன்ன மனிதர் மீது குற்றம் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 22-ஆம் தேதி காலையில் திரிங்காப் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் இரண்டு வயது மகளைக் கிளினிக்குக்குத் தூக்கி வந்தார். உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்கியது. சிட்டுவோடு வேலை செய்யும் ஹஸ்லினா அப்போது ஐந்து மாத கர்ப்பம். சிட்டு அவளைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, தனக்கு ரெண்டு ஊசியும் போட்டிருக்கிறது என்று சொல்லி அந்தக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். இதை ஹஸ்லினா என்னிடம் சொன்னாள்.

அன்று மதியமே சஃபியா மிஸி எல்லாருடைய ஊசி அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஊசி போடாதவர்கள் மூன்று நாளைக்குள் போட்டுக்கொண்டால் தப்பலாம் என்று சொல்லியிருக்கிறார். சிட்டுவின் அட்டை பழையது, மை மங்கியிருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை கேள் என்று மிஸிதான் சொன்னார். சிட்டு எனக்கு போன் அடித்தாள். நான் சரிவில் கூடையோடு நின்றேன்.

"மா, எனக்குத் தட்டம்மை ஊசி போட்டாச்சுதானே?"

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை வருடம் கழித்து, மிஸியாகிவிட்ட மகளிடம் பொய் அட்டை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போட்டாச்சு என்றேன்.

"அப்ப சரி. மிஸிதான் சும்மா பயப்படுறாங்க லா" என்று சிரித்தாள்.

அதன் பிறகும் மிஸி, ஒன்று கூடப் போட்டால் கெடுதல் இல்லை, போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறார். ஐஸ்பெட்டியில் நாலு ஊசிதான் இருந்தது. "போட்டாச்சுன்னு எங்கம்மாவே சொல்லிட்டாங்க" என்று, சிட்டு தன் பங்கை கிளினிக்கைக் கூட்டித் துடைக்கும் அக்காவுக்குப் போடச் சொல்லிவிட்டாள். அந்த அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹஸ்லினாவும் நன்றாக இருக்கிறாள். அந்தக் குழந்தையும் பிழைத்துவிட்டது. அதன் அப்பா கருமாதிக்கு ஒரு கூடை கோஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதற்கு நான் சாமி கும்பிடுகிறேன்.

பிப்ரவரி 1-ஆம் தேதி சிட்டுவுக்குக் காய்ச்சல் வந்தது, அதன் பிறகு கண் சிவந்து காதுக்குப் பின்னால் தடித்தது, 6-ஆம் தேதி ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் சின்ன வயதில் தட்டம்மை கண்டவள் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். சஃபியா மிஸி சொந்த லீவு போட்டு ஒன்பது நாளும் வந்தார். தலை வாரிவிட்டார். உதட்டுக்குத் தண்ணீர் தொட்டு வைத்தார். வேப்பிலைத் தண்ணீரில் ஒரு தடவை கால்களையாவது துடைக்க வேண்டும் என்று நான் அழுதபோது, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முக்காட்டைச் செருகிக்கொண்டு அவரே துடைத்தார். "இது மருந்து இல்லக்கா. ஆனா அவளுக்கு வாசம் தெரியும்" என்றார். கூடப் பிறந்தவள் இருந்தாலும் எனக்கு அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு மிஸி எங்கள் வீட்டுக்கு வந்து கடைசி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் அடுப்படிக்குக் கூப்பிட்டு தேத்தண்ணி கொடுத்து, அட்டை விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. பிள்ளையும் போயி, இந்தப் பேரும் உங்களுக்கு வேணாம். வேலை போனா போகுது, நான் பாத்துக்கறேன்."

அவர் அப்படிச் சொன்னதால்தான் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நான் இங்கே வந்தேன். மிஸி மீது தப்பு இல்லை. கேட்டார், பார்த்தார், போட்டுக்கொள்ளச் சொன்னார். பொய் என்னுடையது. அட்டையையும் கொண்டுவந்து கார்ப்பரலிடம் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவையும் கார்ப்பரல் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். என் வாயால் சொன்னதுதான் எழுதியிருக்கிறது. அத்தனையும் உண்மை. என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான்.

கையெழுத்து: சரோஜா

கையெழுத்துக்குக் கீழே எழுதினால் கணக்கில் சேராது என்று கார்ப்பரல் சொன்னார். சேர வேண்டாம், எழுதுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டேன்.

சிட்டு, அன்றைக்கு போனில் போட்டாச்சு என்று சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேனே, அது உனக்குக் கேட்டதா?